பச்சை அட்டை அம்மா

"இந்த அம்மாவைக் குழந்தைங்க எப்படிம்மா மன்னிக்கும்?" என்று கேட்டார் கோயம்புத்தூர்ப் பதிப்பாளர்.

தொலைபேசியில்தான். நான் அனுப்பியிருந்த சிறுவர் கதையைப் படித்துவிட்டு, நல்ல மனிதர்களுக்கே உரிய தயக்கத்தோடு பேசினார். நடை நன்றாக இருக்கிறதாம். கொச்சியில் மலையாளம் படித்து வளர்ந்த பெண் இவ்வளவு தமிழ் எழுதுவதே பெரிய விஷயமாம். அம்மாதான் இடிக்கிறாளாம். "கடைசிப் பக்கத்துலயாவது அவ ஓடி வரட்டும். வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். நீங்க வேற இதே அம்மாவையும் பொண்ணையும் வச்சு வரிசையா புத்தகம் எழுதப் போறேங்கறீங்க. இப்படி ஒருத்தியை நம்பி எந்தப் பிள்ளை ரெண்டாவது புத்தகத்தைக் கையில எடுக்கும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கடைசிப் பக்கத்தில் ஓடி வரும் அம்மாவை எனக்கு முன்பே தெரியும் என்று அவரிடம் சொல்லவில்லை. அவளை நம்பித்தான் நான் ஒரு படகைத் தவறவிட்டேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாசகசாலை இருந்தது. கீழே கேரம் போர்டு, மேலே புத்தகங்கள். குழந்தைகள் அலமாரியில் பச்சை அட்டை போட்ட மலையாளப் புத்தகங்கள் வரிசையாக நிற்கும். எல்லாமே ஒரே சிறுமியின் கதை. மலையோர ஊர் ஒன்றில், தையல் வேலை செய்யும் அம்மாவோடு தனியாக வாழ்கிறாள். அப்பா இல்லை. ஏன் இல்லை என்று எந்தப் புத்தகத்திலும் சொல்லவில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் மறப்பாள். சோற்றைத் தீய விடுவாள். மகளின் பிறந்தநாளுக்குத் தைத்த பாவாடையை அவசரத்துக்கு வேறொருத்திக்கு விற்றுவிடுவாள். ஒரு புத்தகத்தில் கை நீட்டி அடித்தும் விடுகிறாள். ஆனாலும் கதை முடிவதற்குள் எப்படியோ ஓடி வந்துவிடுவாள். பள்ளி ஆண்டுவிழாவை மறந்துபோகிற புத்தகத்தில், திரை விழும் நேரத்தில், மழையில் நனைந்து, வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள். அந்தப் படம் இருந்த பக்கம் என் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிப் போயிருந்தது.

என் அம்மாவும் மறப்பாள், தீய விடுவாள், அடிப்பாள். ஆகவே மீதியும் ஒத்துப்போகும் என்று நான் நினைத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை. தரையில் குவித்த சுக்கைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து புடைத்துத் தரம் பிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து அவள் சேலையை உதறினால் எனக்குத் தும்மல் வரும். அவளுக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதை இன்றைக்கும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் சொல்வேன். சாயங்காலம் அவள் மீன் கழுவும்போது நான் பச்சை அட்டைப் புத்தகத்தை மலையாளத்தில் வாசித்துத் தமிழில் சொல்வேன். அவள் சண்டைக்காரி மாதிரி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அவ புருஷன் எங்க போனான்?"

"அது புஸ்தகத்துல இல்லம்மா."

"இல்லேன்னா? செத்தானா, ஓடினானா?"

"சொல்லல."

"அவகிட்ட யாருமே கேக்கலியா? வீட்டுக்காரன், கடைக்காரன், கொழாயடில நிக்கிறவளுக?"

"கேக்கல."

அம்மா மத்தியின் செதிலைச் சுரண்டி எறிந்தாள். "அப்ப அது கள்ளக் கதை. ஊர்ல மொதல்ல கேக்கறதே அதுதான்."

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் ஒரு பதில் தயாராக இருந்தது. அப்பாவுக்கு வெலிங்டன் தீவில், போர்ட்டில் வேலை, அங்கேயே தங்கல். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா அதைத்தான் சொன்னாள். யாரும் நம்பவில்லை, அவள் சொல்லும் தோரணையைப் பார்த்து யாரும் இரண்டாம் தடவை கேட்கவுமில்லை. மிகச் சின்னவளாக இருந்தபோது நான் படகுத்துறையில் நின்று தீவின் கிரேன்களுக்குக் கை அசைத்திருக்கிறேன். அவர் படகேறி எறணாகுளம் போய், அங்கிருந்து யாரோடோ ரயிலும் ஏறிவிட்டார் என்பதைக் குழாயடிப் பேச்சிலிருந்து பிறகு பொறுக்கிச் சேர்த்துக்கொண்டேன். கை அசைப்பதை நிறுத்தினேன். அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை.

ஏழாம் வகுப்பு முடியும் சமயம் எங்கள் டீச்சர் வீட்டுக்கே வந்தார். எறணாகுளத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பிலிருந்து சம்பளமில்லாமல் படிக்க இடம் தருகிறார்களாம். இங்கிலீஷ் மீடியம். எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு பெண்களைப் பெற்றோரோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், ஒருத்தி நான்.

"சேச்சி கட்டாயம் வரணும், கேட்டோ. மதர் ரெண்டு மூணு காரியம் கேக்கும், அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

"என்ன காரியம்?"

"ஓ, சும்மா. வீட்டுல ஆரெல்லாம் உண்டு, என்ன ஜோலி, அங்ஙனெ."

அம்மா ஒரு நிமிடம் சுவரைப் பார்த்தாள். பிறகு, "வரேன் டீச்சரே. அரை நாள் லீவு சொல்லிட்டு நேரா போட் ஜெட்டிக்கு வந்துடறேன்" என்றாள்.

அந்த நாள் காலையில் அவள் நீலச் சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். விசேஷங்களுக்கு மட்டும் கட்டுகிற சேலை. நாங்கள் இத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா என் யூனிஃபார்மைத் தேய்த்துக் கொடுத்து, ரிப்பனும் கட்டிவிட்டாள். "டாக்டர் மாதிரி இருக்கு மோள்" என்றாள்.

படகுத்துறையில் டீச்சர் நின்றிருந்தார். இன்னொரு பெண்ணும், சலவை வேட்டி கட்டிய அவள் அப்பாவும் நின்றிருந்தார்கள். அம்மா மட்டும் வரவில்லை. படகு வந்தது, கட்டினார்கள். இறங்குகிறவர்கள் இறங்கி, ஏறுகிறவர்கள் ஏறினார்கள்.

"நீ கேறு மோளே. அம்மைக்கு சுகமில்லன்னு நான் சொல்லிக்கலாம்" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர். அம்மா வரும்."

நான் பயந்துபோய் அப்படிச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள்: நேரம் ஆக ஆக எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. அவள் தாமதமாக வந்தால்தானே கதை சரியாக வரும்! இப்போது முடுக்கிலிருந்து நீலச் சேலை வெளிப்படும். தலை கலைந்திருக்கும், ஒரு செருப்பு கையில் இருக்கும். துறையில் நிற்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இடத்தை நான் படகில் ஏறிக் கெடுத்துவிடக் கூடாது. மணி அடித்தது. டீச்சர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் கையை உருவிக்கொண்டேன். "அடுத்த போட்டுல வந்துடுவோம் டீச்சர்" என்றேன், பெரிய மனுஷியைப் போல. இன்னொரு பெண்ணையும் விட முடியாமல் அவர் திட்டிக்கொண்டே ஏறிப் போனார்.

அடுத்த படகும் வந்து போனது. ஒரே ஒருவர் ஓடி வந்தார். அவர் குடையை மறந்துவிட்டுப் போனவர்.

நான் கிடங்குக்குப் போனேன். வாசலில் காவல்காரர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். "நின்ட அம்ம உச்சைக்கே போயல்லோ. மோளோட ஸ்கூல் காரியம்னு லீவு வாங்கி." மத்தியானமே போய்விட்டாள் என்றதும் எனக்கு உயிர் வந்தது. வழியில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மாறிப் போயிருப்போம். மறுபடி ஜெட்டிக்கு ஓடினேன். அங்கே யாருமில்லை. அப்போது ஓடி வந்தவள் நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

வீடு பூட்டியிருந்தது. இத்தா சாயா கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமல், "வரும் மோளே, வரும்" என்றாள். அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு சந்து முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிடங்குப் பெண்கள் இரண்டு பேர். நடுவில் நீலச் சேலையில் அம்மா. தலையில் பூ. கையில் கடலைப் பொட்டலம். மேட்னி பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி படத்தில் வந்த அப்பனைப் போல மீசையை முறுக்கி நடந்து காட்ட, அம்மா நடக்க முடியாமல் சுவரில் கை ஊன்றி, குனிந்து குனிந்து சிரித்தாள். சிரித்தால் அவள் கன்னத்தில் குழி விழும் என்பதை அன்றுதான் பார்த்தேன். எனக்காக வாங்கிய லீவு அது.

என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"நீ போகலியா?"

"நீ வரல."

"டீச்சர் கூட்டிட்டுப் போயிருப்பாங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நீ வருவேன்னு நின்னேன்."

"வரலேன்னா ஏறிப் போக வேண்டியதுதானே! கால் இல்லையா உனக்கு? இத்தன புஸ்தகம் படிக்கிறே, ஒரு போட்டுல ஏறத் தெரியலியா?" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். கடலை சிதறியது.

இத்தா குறுக்கே வந்தாள். "மதி, மதி, போதும். புள்ள உச்சைக்கு ஒண்ணும் தின்னிட்டில்ல."

"படம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன். குத்திக் கேட்கத் தெரிந்துகொண்ட முதல் நாள் அது.

"இருந்துச்சு" என்றாள் அம்மா, என் கண்ணைப் பார்த்தே.

மறுநாள் காலை குழாயடிக்கு அந்த இன்னொரு பெண் வந்தாள். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் கேட்டாள்:

"மதர் என்னடி கேட்டாங்க?"

"என்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு பாட்டு."

"உங்கப்பாகிட்ட?"

"அப்பாகிட்ட மொதல்ல, அம்மா எங்க, ஏன் வரலன்னு. பின்னெ ஜோலி என்னன்னு."

"மொதல்ல, வராத ஆளப் பத்தித்தானே?"

"ம்."

அம்மா தலையை ஆட்டினாள். பந்தயத்தில் ஜெயித்தவள் போல முகம் தெளிந்தது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். மகளுக்குக் கிடைக்காமல் போன இடத்தைப் பற்றி ஒருத்தி இப்படிச் சந்தோஷப்படுவாளா!

பிறகும் சில நாட்கள் நான் கடைசிப் பக்கத்துக்காகக் காத்திருந்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் வாங்கி வரவில்லை. டீச்சர் என்னோடு பேசவில்லை. பச்சை அட்டைப் புத்தகத்தைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். ஒரு சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டே அம்மா தானாகக் கேட்டாள்: "அந்தத் தையக்காரி என்ன ஆனா?"

"தெரியாது" என்றேன். அதற்குப் பிறகு அவளுக்கு நான் எதையும் வாசித்துக் காட்டியதில்லை.

இங்கேயே அரசாங்கப் பள்ளியில் படித்தேன். பிறகு எறணாகுளத்தில் கல்லூரி. அதே துறையிலிருந்து தினமும் படகேறினேன், ஒரு நாளும் கரையைத் திரும்பிப் பார்க்காமல். இங்கிலீஷ் இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் இடறும். இடறும்போதெல்லாம் நீலச் சேலை ஞாபகம் வரும். இப்போது நான் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். அட்மிஷன் நாளில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பிள்ளையோடு தனியாக வந்த அம்மாக்களிடம், அப்பா ஏன் வரவில்லை என்று நானும் முதல் கேள்வியாகக் கேட்டிருக்கிறேன். ஒருத்தி பதில் சொல்லுமுன் சுவரைப் பார்த்தாள். அப்போதுதான் குழாயடியில் அம்மா எதை ஜெயித்தாள் என்பது எனக்குப் புரிந்தது.

புரிந்ததால் மன்னித்துவிட்டேன் என்று இல்லை. சந்து முழுக்கப் பொய் சொன்னவள் மதரிடமும் அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அப்போது இருந்த வயதை இப்போது நான் நெருங்கிவிட்டேன். அரை நாள் கையில் கிடைத்தால் எனக்கும் எங்காவது போய்ச் சிரிக்கத்தான் தோன்றுகிறது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

பதிப்பாளர் கேட்டதற்காகக் கதையைத் திருத்திவிட்டேன், ஆனால் அவர் கேட்ட மாதிரி இல்லை. அம்மா ஓடி வரவில்லை. மேட்னியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள், அதை நான் தொடவில்லை. சிறுமி மட்டும் இந்தத் தடவை காத்திருக்காமல் டீச்சரின் கையைப் பிடித்துப் படகில் ஏறுகிறாள். தொடக்கத்தில் ஒரு வரி சேர்த்தேன்: அவள் அப்பா இன்னொருத்தியோடு ரயிலேறிப் போய்விட்டார், திரும்பி வர மாட்டார். முதல் பக்கத்தில், முதல் வரியாக. இனி அந்தப் புத்தகத்துக்குள் வருகிற எவரும் அந்த அம்மாவிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை. நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன்.