நின்று நின்று வருகிறவன்

தாழ்வுபாடு கிராமத்துச் சைக்கிள் கடையில் டியூப்பிலிருந்து காற்று சீறி இறங்கியது. என் கைப்பேசியில், என் நாவலைப் பற்றிப் பதிப்பாளர் எழுதியிருந்தார்: "கதாநாயகன் கடலடியிலிருந்து ஒரே பாய்ச்சலில் மேலே வரட்டும். நின்று நின்று வந்தால் விறுவிறுப்புப் போய்விடும்."

அந்தச் சீறல், அப்பா முதுகில் கட்டி மூழ்கும் காற்றுச் சிலிண்டரின் சத்தம். பள்ளிமுனைக் கடலில் அவர் சங்கு குளித்தவர். நான் பள்ளிக்கூடம் போகும் வயதில், ஒருநாள் ஆழத்திலிருந்து நின்று நின்று வராமல் அவசரமாக மேலே வந்தார். உடம்புக்குள் காற்றுக்குமிழ் கட்டி, இடது கால் விளங்காமல் போயிற்று. ரப்பரும் உப்பும் மணக்கும் அறையில் படுத்திருந்தவருக்கு நூலகத்துச் சாகசக் கதையொன்றை வாசித்தேன். அதில் ஒருவன் கடலடியிலிருந்து விர்ரென்று மேலே வந்து, வில்லனை அடித்தான்.

"அவன் படகிலேயே விழுந்திருப்பான் பிள்ளை," என்று அப்பா சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்திலேயே பேனையால் எழுதினேன்: "இது பொய். இப்படி வந்தால் கால் போகும்."

நூலகத்து மிஸ் கண்டுபிடித்துவிட்டார். "கதைதானே பிள்ளை! எழுதினதை வெட்டிவிடு."

"வெட்டமாட்டன் மிஸ். இதை வாசிச்சிட்டு எங்கட பெடியள் கடலுக்குள்ள இறங்குவாங்கள்."

அதன்பின் அவர் எனக்குப் புத்தகமே தரவில்லை.

கடைக்காரர் டியூப்பை ஒட்டி முடிக்குமுன் பதிப்பாளருக்குப் பதில் அனுப்பினேன்: "அவன் நின்று நின்றுதான் வருவான். மேலே வந்த பிறகு அவன் நடக்கவேண்டும்."