மணப்பெண்ணைத் திருடிய மத்தியானம்

ஆஸ்திரியாவில் காலையில் டிவியைப் போட்டால் ஒரு சேனலில் வெறும் மலைகளைக் காட்டுவார்கள். செய்தி இல்லை, பேச்சு இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. ஏதோ ஓர் உச்சியில் பொருத்திய கேமரா மெல்லச் சுற்றும். பின்னால் அக்கார்டியன் இசை, கீழே அந்த இடத்தின் பெயரும் குளிரின் அளவும். வந்த புதிதில் சேனல் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இன்றைக்கு எந்த மலைக்குப் போகலாம் என்று முடிவு செய்வதற்காக இவர்கள் அதைப் பார்க்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. இங்கே சால்ஸ்புர்க்கில் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலையில் பதினான்கு வருடம் ஓடிவிட்டது. இந்த ஊரில் இனிமேல் என்னை அதிர வைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று நினைத்திருந்தேன். போன ஜூன் மாதம் என் தங்கையின் கல்யாணத்துக்காகக் கோயமுத்தூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மூன்றாம் நாளே அம்மா அந்தச் சேனலை விட்டு நகர மறுத்தாள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மலையில ஆளுகளே இருக்க மாட்டாங்களா கண்ணு?" என்று கேட்டார்.

தங்கை நித்யா என்னைவிடப் பத்து வயது இளையவள். படிக்க வந்த இடத்தில் லூகஸைச் சந்தித்தாள். மலைச்சரிவுகளில் பனி சரிந்து ஊரை மூடாமல் இருக்கத் தடுப்பு கட்டும் இன்ஜினியர் அவன். விஷயம் தெரிந்ததும் அப்பா அவளுடன் பேசுவதை நிறுத்தினார். நாங்கள் எதிர்பார்த்ததுதான். கோயமுத்தூர் கணபதியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர், சொந்தபந்தங்களின் வாய்க்குப் பயந்து வாழ்கிறவர். வேற்று நாடு, வேற்று மதம், அதுவும் கல்யாணம் சர்ச்சில். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே நித்யாவுக்குப் போன் செய்து, அந்தப் பையன் காப்பி குடிப்பானா டீ குடிப்பானா என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு ஒரு தடையும் சொல்லவில்லை. இவ்வளவு சீக்கிரம் அவர் இறங்கி வந்ததில் எங்களுக்கு ஆச்சரியம். நித்யாவின் பிடிவாதம் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டோம்.

லூகஸின் ஊர் ஒரு பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கிறது. அங்கிருந்து கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறினால்தான் கல்யாணம் நடக்கும் சின்ன தேவாலயம். அம்மா கைப்பைக்குள் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள். நான் சிறுமியாக இருந்தபோது மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறும் முன்னால் இதே போல் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுப்பாள். கல்லாறு தாண்டி இரண்டாவது வளைவிலேயே அவள்தான் முதலில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவாள். இங்கே வளைவு ஒன்றுகூட இல்லை. பெட்டி நேராக வானத்தில் ஏறியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பழத்தை முகர்ந்தபடியே வந்தாள். வேட்டிக்கு மேல் என் கணவரின் கனத்த ஜாக்கெட்டைப் போட்டிருந்த அப்பாவோ, இந்தக் கம்பியை இழுக்கும் மோட்டார் எத்தனை குதிரைத்திறன் இருக்கும் என்று கேட்டு என்னை மொழிபெயர்க்க வைத்தார். பெட்டியை இயக்கியவர் சொன்ன பதிலைக் கேட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார்.

பாதிரியார் நல்ல மனிதர். பூசை முடிந்ததும், தேவாலய வாசலிலேயே தாலி கட்டச் சம்மதித்தார். அம்மா கொண்டுவந்த மஞ்சள் கயிற்றை லூகஸ் முடிந்தான். நாதஸ்வரத்துக்குப் பதில் அவன் ஊர்க்காரர்கள் பித்தளைக் குழல்களை ஊதினார்கள். மூன்று முடிச்சும் விழுந்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மலைகளைப் பார்த்தார். அழுகிறார் என்று தெரிந்தது. மகளைக் கட்டிக்கொடுக்கிற எல்லா அப்பாக்களும் அழுகிற அழுகைதானே என்று விட்டுவிட்டேன்.

பக்கத்திலிருந்த விடுதியில் மத்தியானச் சாப்பாடு. நித்யா சிவப்புப் பட்டுப் புடவையில் மேசை மேசையாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்து கேக் வெட்டும் நேரத்தில் அப்பா என் தோளைத் தொட்டார். ஜன்னலுக்கு வெளியே கை காட்டினார். மூன்று ஆண்கள் நித்யாவின் கையைப் பிடித்து விடுதிக்குச் சாமான் கொண்டுவரும் ஒரு பழைய ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நிற்பதற்குள் ஜீப் சரிவில் இறங்கி மறைந்தது.

பக்கத்து மேசையில் லூகஸின் அம்மா அன்னா கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நித்யாவை எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று அவரிடம் ஜெர்மன் மொழியில் கேட்டேன். அவர் நிதானமாக, சிரித்த முகத்தோடு, "கெஷ்டோலன்" என்றார். திருடிவிட்டார்கள் என்று பொருள். அந்த வார்த்தைக்கு வேறு பொருள் உண்டா என்று என் மூளை தேடியது. கிடைக்கவில்லை. என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க என்று அப்பா கேட்டுக்கொண்டே இருந்ததால், யோசிக்காமல் அப்படியே தமிழில் சொல்லிவிட்டேன்.

அப்பா செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜீப் போன சரிவில், ஈரப் புல்லில், அறுபத்தாறு வயதில். நான் பின்னால் கத்திக்கொண்டு ஓடினேன். ஒரு வளைவில் வழுக்கி விழுந்து எழுந்தவர், அடுக்கி வைத்திருந்த விறகின் மேல் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. உள்ளங்கையில் ரத்தம்.

"சரோஜாளும் இப்பிடித்தான் கண்ணு போனா," என்றார்.

"யாருங்கப்பா சரோஜா?"

அதற்குள் அம்மா வந்து சேர்ந்திருந்தாள். "ஏனுங்க, அதை எதுக்குங்க இப்பப் பேசறீங்க," என்றாள். நித்யாவைப் பற்றிய பதற்றத்தையும் மீறி அந்தப் பேச்சு என்னைத் தாக்கியது. அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாத ஒரு பெயர் எங்கள் வீட்டில் இத்தனை வருடம் இருந்திருக்கிறது.

நாலைந்து வாக்கியங்களில் அப்பா சொல்லி முடித்தார். சரோஜா அவருடைய அக்கா. பெரியவர்கள் நிச்சயித்த தன் கல்யாணத்தன்று காலையில், வீட்டில் பந்தல் போட்டிருக்கும்போதே, மதுக்கரை சிமெண்டு ஆலையில் வேலை பார்த்த ஒரு கிறிஸ்தவருடன் புறக்கடை வழியாகப் போய்விட்டாள். அவள் மோட்டார் சைக்கிளில் ஏறியதைப் பார்த்த ஒரே ஆள் அப்பா. அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. அக்காளை எவனோ தூக்கிக்கொண்டு போகிறான் என்று நினைத்து ஓடிப்போய்த் தாத்தாவிடம் சொன்னது அவர்தான். எந்தப் பக்கம் போனார்கள் என்று காட்டியதும் அவர்தான். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு லாரியில் துரத்திப் போன அவருடைய சித்தப்பன்மார், ஓடிப்போன இருவரையும் வழியிலேயே மறித்தார்கள். அந்த மனிதரின் வலது கையை உடைத்தார்கள். அப்படியும் சரோஜா அவர்களோடு வர மறுத்துவிட்டாள். அன்று சாயங்காலமே தாத்தா அவளுக்காகத் தலை முழுகினார். அந்தப் பெயரை இனி யாரும் வீட்டில் சொல்லக் கூடாது என்றார். யாரும் சொல்லவில்லை.

"இப்ப எங்கிருக்காங்க?" என்று கேட்டேன்.

"மதுக்கரையிலதான்," என்றார் அப்பா.

கணபதியிலிருந்து மதுக்கரைக்குக் காந்திபுரத்தில் பஸ் மாறிப் போனால் ஒரு மணி நேரம் ஆகும். நான் அந்தப் பக்கம் எத்தனையோ முறை பாலக்காட்டு பஸ்ஸில் போயிருக்கிறேன்.

அப்போது லூகஸ் ஓடி வந்தான். அப்பாவின் கையில் ரத்தத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. மூச்சிரைக்க அவன் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. இது இந்த மலை ஊர்களின் கல்யாண விளையாட்டு. விருந்தின் நடுவில் நண்பர்கள் மணப்பெண்ணைத் திருடிப் பக்கத்து விடுதியில் ஒளித்து வைப்பார்கள். மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் பாட்டுப் பாடி அழைத்து வர வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் எங்களிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பதினான்கு வருடத்தில் எனக்கும் யாரும் சொன்னதில்லை. லூகஸ் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டான். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "மாமா, வாங்க, போலாங்க," என்று அப்பாவின் கையைப் பிடித்து எழுப்பினான்.

நித்யா கீழ் விடுதியில் ஆப்பிள் ஜூஸ் குடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். திருடர்கள் மூவரும் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மண்ணும் ரத்தமுமாக வெறுங்காலில் வந்து நின்ற அப்பாவைப் பார்த்ததும் அவர்கள் சட்டென்று எழுந்தார்கள். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அவள் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார்: "அவங்க கூட்டிட்டுப் போறப்ப உனக்குப் பயமா இல்லீங்களா அம்மணி?"

"எதுக்குங்கப்பா பயம்? நானாத்தானே ஜீப்பில ஏறுனேன்," என்றாள் நித்யா.

அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். "அவளும் அதையேதான் சொன்னா. நானாத்தான் வந்தேன்னு ரோட்டுல நின்னு கத்துனா. நான் கேக்கலீங்க," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியாது. அங்கே இருந்தவர்களில் எங்கள் குடும்பத்தைத் தவிர யாருக்கும் அவ்வளவு தமிழ் தெரியாது. ஜீப் ஓட்டியவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

அவர்கள் ஊர் திரும்பிய பிறகு நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் அம்மாவே போனில் சொன்னாள். அப்பா பட்டறையைப் பூட்டிவிட்டுத் தனியாக மதுக்கரைக்குப் போயிருக்கிறார். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறார். திறந்த அம்மாள், "ஏனுங்க, யாரு வேணுமுங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்காள் தன்னை அடையாளம் தெரியாமல் மரியாதையாகக் கேட்டதும் அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார். உள்ளே ஒரு வயதான மனிதர் இடது கையால் செய்தித்தாளைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாராம். அவர்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டு, "உன் தம்பி சரோஜா," என்றாராம்.

ஜனவரியில் நான் ஊருக்குப் போனேன். அப்பா என்னை அங்கே அழைத்துப் போனார். அத்தைக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை. நித்யாவின் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டில் பிள்ளையை நன்றாக வைத்துக்கொள்கிறார்களா என்று விசாரித்தார். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட வீட்டுப் பக்கம் வரத் தோன்றவில்லையா என்று கேட்டுவிட்டேன்.

"தோணாம இருக்குமா கண்ணு? வருசத்துக்கு ஒருக்கா காந்திபுரம் வரைக்கும் வருவேன். கணபதி பஸ்ஸு நிக்கற எடத்துல நிப்பேன். நாலு பஸ்ஸு போனதும் திரும்பி வந்துருவேன்," என்றார்.

கிளம்பும்போது, வீடு வரைக்கும் வாருங்கள் அத்தை, அம்மா சமைத்து வைத்திருக்கிறாள் என்று கூப்பிட்டேன். மாமா போய்விட்டு வரச் சொல்லித் தலையசைத்தார். காந்திபுரத்தில் இறங்கினோம். கணபதி பஸ் வந்து நின்றது. அப்பா படியில் ஏறித் திரும்பிப் பார்த்தார். அத்தை அசையவில்லை. கண்டக்டர், ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். அப்பா கீழே இறங்கி வந்து அக்காளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

அந்த பஸ் போனது. அடுத்ததும் போனது. மறுநாள் விடிகாலையில் எனக்கு விமானம். பெட்டிகூட இன்னும் கட்டவில்லை. அந்தக் கூட்டத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, மூன்றாவது பஸ் கிளம்புவதைப் பார்த்தேன். என்னுடைய ஊரின் பெயரைப் பலகையில் மாட்டிக்கொண்டு அந்த பஸ் போனது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நாலாவது வந்து நின்றபோதும் அவர் மதுக்கரைப் பக்கம் திரும்பவில்லை, அந்தப் பிடியை விடவும் இல்லை.