முந்தின நாள் எங்கே படுப்பது?

"அமுக்கட்டுமா, அப்பா?"

மகள் கவிதாவின் விரல் மௌஸின் மேல் தயாராக இருந்தது. பலாங்கொடை டவுனில் அவள் வேலை செய்கிற கொமியூனிகேஷன், அதாவது போன், இன்டர்நெட் கடை. கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் நான். ஸ்கிரீனில் கொழும்பிலிருந்து திருச்சிக்கு ஓர் அதிகாலை விமானம். இருப்பதிலேயே மலிவு. கடை முதலாளியின் கார்டில் போட்டுவிட்டு, காசை அவர் கையில் கொடுத்தால் முடிந்தது. ஓர் அமுக்கு... அவ்வளவுதான்.

"கொஞ்சம் இரு" என்றேன்.

"திங்கக்கிழமையில இருந்து இதையேதான் சொல்றீங்க. விலை ஏறிக்கிட்டே போகுது, அப்பா!"

ஏறியதுதான். ராத்திரி தூக்கமில்லை. சோற்றைப் பிசைந்தபடியே யோசிக்கிறேன். நாமே போடுவதா, ஏஜென்டிடம் போவதா? ஒரு டிக்கட்டுக்கு இவ்வளவு அலைச்சலா என்று நீங்கள் கேட்கலாம். விஷயம் டிக்கட் இல்லை. அக்கா.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலத்தில் அக்கா கப்பலேறிப் போனபோது எனக்கு மீசை முளைத்திருக்கவில்லை. இப்போது துறையூர்ப் பக்கம் இருக்கிறாள். அவளுடைய மூத்த மகளின் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. கப்பலும் நின்றுபோயிருந்தது, கையில் பாஸ்போர்ட்டும் இல்லை. தாய்மாமன் நின்று மாலை போட்டு, பெண்ணின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டிய இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்றாராம். அக்கா போனில் சொன்னாள். அழாமல் சொன்னாள் — அதுதான் தாங்க முடியவில்லை.

இப்போது இளையவளுக்குக் கல்யாணம். "நீ வராம பொண்ணை ரூமை விட்டு வெளிய அனுப்ப மாட்டேன்" என்று அக்கா முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள்? நல்ல நேரம் பொறுக்குமா?

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரவூஃப் நானாவின் டிக்கட் கடை இருக்கிறது. ஆனால் எனக்குக் கூச்சம். மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிறவன் நான். நானாவோ டிக்கட்டை விடக் கேள்வியை அதிகமாக விற்பவர். யார் வீட்டுக்கு, நல்லதுக்கா கெட்டதுக்கா, கூட யார், சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, இருக்கா... எல்லாம் கடை நிறைய ஆள் இருக்கும்போது, உரத்த குரலில்!

கம்ப்யூட்டர் அப்படியா? ஜன்னலோரமா நடுவிலா என்று கேட்டது. மரக்கறிச் சாப்பாடா என்று கேட்டது. சக்கர நாற்காலி வேண்டுமா என்றுகூடக் கேட்டது. முகத்தைப் பார்க்காமல் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது எவ்வளவு சுகம்!

அப்புறம் ஏன் அமுக்கவில்லை? தெரியவில்லை. "ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று எழுந்தேன். கால்கள் டீக்கடையைத் தாண்டிப் போயின.

"அட, வாங்க வாங்க! கல்யாணமா மவுத்தா?" என்றார் நானா. மவுத்து என்றால் சாவு. கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"கல்யாணம்" என்றேன், என் செருப்பைப் பார்த்து. "மகள் அன்னைக்குக் காலைப் பிளைட் ஒண்ணு பாத்து வெச்சிருக்கு..."

"காலைப் பிளைட்டா? முந்தின நாள் எங்க படுக்கிற?"

நான் விரல் விட்டு பஸ் நேரத்தை எண்ணினேன்.

"பலாங்கொடையில இருந்து ராவோட ராவா எயார்போட் போக ஏலாது. கொழும்புல லொட்ஜ் எடுப்பீங்க. ஒங்கட பேரு, ஒங்கட ஐடென்டிகாட். ராவைக்கு பொலிஸ் செக்கிங் வந்து வேன்ல ஏத்தினா, ஸ்டேஷன்ல இருந்துக்கிட்டு 'நீங்க தேடுற ஆள் நான் இல்ல, பொண்ணுட மாமன்'னு சொல்லிக்கிட்டு ஈக்க வேண்டியதுதான். அங்க தாலி கட்டி பந்தியும் முடிஞ்சிரும்."

கடையில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யுத்த காலம், தமிழ்ப் பெயர் இருந்தாலே போதும். எங்கள் தோட்டத்து லயத்தில் ஒருவர் வெளிநாட்டு வேலைக்காகக் கொழும்பு போய், லொட்ஜில் தங்கி, அப்படித்தான் ஏற்றப்பட்டார். மறுநாள் விட்டுவிட்டார்கள். விமானம் காத்திருக்கவில்லை.

கம்ப்யூட்டர் சாப்பாட்டைக் கேட்டது. இதைக் கேட்கவில்லையே!

நானா பகல் விமானம் ஒன்றைச் சொன்னார். முதல் பஸ்ஸில் இறங்கினால் நேரே எயார்போட். கல்யாணத்துக்கு முந்தின நாளே துறையூர். இதற்குள் என்னைத் தேடிக்கொண்டு கவிதா வந்துவிட்டாள்.

"அதே பகல் பிளைட்டை நானே போடுவேனே. இவரை விடக் கொறைவா!"

எனக்குக் காது சூடானது. நானா கோபிக்கவில்லை.

"போடுங்க மகள். ரோட்டுல மறிச்சு வெச்சி பிளைட் போயிட்டா, வாப்பா யாருக்குப் போன் பண்றது? கம்ப்யூட்டருக்கா?"

கவிதா என்னைப் பார்த்தாள். நான் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நானாவிடம் நீட்டினேன்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நானாவுக்கு நல்ல விளம்பரம். ஆனால் போகிற நாளில் நடந்ததைக் கேளுங்கள்.

அவிசாவளை தாண்டியதும் செக்கிங். எல்லோரும் இறங்கினோம். துப்பாக்கியோடு ஒரு சின்னப் பையன், ஆமிக்காரன், என் அட்டையைப் பார்த்து "கொஹேத யன்னே?" என்றான். எங்கே போகிறாய்? இந்தியாவுக்கு என்றதும் என்னைத் தனியே நிற்கச் சொன்னான். பையிலிருந்த பட்டுச் சேலை வெளியே வந்தது. தேயிலைப் பைக்கட்டுகள் வெளியே வந்தன. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு நாக்கு எழவில்லை. பிறகு ஒருவழியாக, அத்தனை பேருக்கு முன்னால், அக்கா மகளின் கல்யாணத்தைச் சொன்னேன்.

"மாமா போகாவிட்டால் கல்யாணம் நடக்காதா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தான்.

"அப்படித்தான் அக்கா சொல்கிறாள், மாத்தயா."

அவன் நல்ல பையன்தான். ஆனால் அவனுக்கு மேலே உள்ள பெரியவர் வந்து பார்த்த பிறகுதான் விட முடியுமாம். பஸ் போய்விட்டது. பெரியவர் வந்தபோது, விமானத்தைப் பிடிக்கிற நேரமும் போயிருந்தது.

தெருவோரத்தில் நின்று நானாவுக்குப் போன் போட்டேன். இந்தத் தடவை அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"பயப்படாதீங்க. நாளைக் காலைப் பிளைட்டுக்கு மாத்துறேன். நீர்கொழும்புல என் மச்சான்ட ஊடு ஈக்குது. அங்க போய்ப் படுங்க. சொல்லி வெக்கிறேன்."

காலை விமானம் — மகள் முதலிலேயே காட்டிய அதே விமானம்! அதைப் பிடிக்கத்தான் இவ்வளவு சுற்று. யார் சொன்னது சரி? இப்போதும் எனக்குத் தெரியாது. யாருக்கும் சேதி போகாமல் தெருவில் நிற்கிறவனுக்கு, போனின் மறுபக்கம் ஒரு மனிதக் குரல் வேண்டும். அது மட்டும் தெரியும்.

நீர்கொழும்பில் முன்பின் தெரியாத அந்த வீட்டார் எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள். தூக்கம் வரவில்லை. விமானத்திலும் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தேன். திருச்சியில் இறங்கி ஒரு டாக்சி. டிரைவரிடம் வாய் திறந்து "வேகமாப் போங்க" என்று சொன்னேன் — என் வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும்.

மண்டபத்து வாசலில் மேளம் நின்றிருந்தது. ஐயர் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். மணமகள் அறையின் கதவுக்குக் குறுக்கே, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நரைத்த பெண்மணி. சொன்னபடியே யாரையும் உள்ளே விடவுமில்லை, வெளியே விடவுமில்லை.

என்னைப் பார்த்தாள். வழியில் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். செக்கிங், நானா, மாற்றிய டிக்கட்...

அக்கா மாலையை என் கையில் திணித்தாள்.

"ஒரு டிக்கட் எடுக்கவாடா ஒனக்கு இத்தனை வருஷம் ஆச்சு?"