குளியலறையில் ஐந்து வெள்ளெலிகள்

ஜோகுபாளையத்து அந்த வரிசை வீடுகளில் ஆறு குடித்தனத்துக்கும் ஒரே குளியலறை. அதற்குள் ஐந்து வெள்ளெலிகளோடு உட்கார்ந்து தமயந்தி தாழ்ப்பாள் போட்டிருந்தாள். வெளியே வாளியோடு நின்றவர்கள் பாதி தமிழிலும் பாதி கன்னடத்திலும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

தலையெழுத்து. வாரமெல்லாம் கார்மென்ட்ஸில் சட்டைக் காஜாவைச் சரிபார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எலிக்குக் காவல். எல்லாம் பக்கத்து வீட்டு மௌரீனால் வந்தது. குவைத்துக்கு வேலைக்குப் போகும்போது தன்னுடைய வளர்ந்த பெண் எலிகள் இரண்டையும் கொண்டுவந்து கொடுத்து, "அக்கா, சிவாஜிநகர் கடையில மட்டும் திருப்பிக் குடுத்துடாதீங்க. பாம்புக்குத் தீனியா வித்துடுவான்" என்று அழுதாள். தமயந்தியும் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டாள். ஒற்றை அறை வீட்டில் இன்னொரு கூண்டுக்கு இடமேது? அவளிடம் ஏற்கெனவே இருக்கும் மூன்று எலிகளோடு இவை ஒத்துப்போனால்தான் உண்டு.

மெல்லப் பழக்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, புருஷன் சண்முகம் புது மருமகள்களுக்குச் செய்வதுபோல இரண்டுக்கும் மஞ்சள் பூசி, ஆரத்தி சுற்றி, நேராகக் கூண்டுக்குள் விட்டுவிட்டான். மஞ்சள் வாடை அடிக்கிற அந்நியர்களைப் பழைய மூன்றும் சேர்ந்து கடித்தன. ஒன்றுக்குக் காது கிழிந்தது. "நம்ம வழக்கம்தானே" என்றான். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

அதனால்தான் குளியலறை. இங்கே எந்த எலிக்கும் சொந்த மூலை கிடையாது, எங்கும் சோப்பு வாசனைதான். சீறியவற்றை ஈரத்துண்டால் பிரித்தாள், மறுபடி விட்டாள். இடுப்பு ஒடிந்தது.

"பேக பன்னிக்கா, சீக்கிரம் வாங்க, மேட்னி போகணும்" என்று வரிசையில் நின்ற நாகேஷ் கதவைத் தட்டினான்.

"போய் ஏரியில குளிடா" என்றாள்.

ஒருவழியாகப் பழையதில் மூத்தது, காது கிழிந்ததன் முதுகை நக்கிவிட ஆரம்பித்தது. தமயந்திக்குக் கண் கலங்கிவிட்டது. கழுவிய கூண்டில் புதுத் துணி விரித்து ஐந்தையும் விட்டாள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துத் தூங்கின.

தாழ்ப்பாளைத் திறந்ததும், வாளியும் கையுமாக வந்த சண்முகம் எட்டிப் பார்த்தான். "பாத்தியா, ஆரத்தி வேலை செஞ்சிருக்கு."

"கல்யாணமாகி வந்தப்ப எனக்கும்தான் எடுத்தீங்க. அப்புறம் உங்க அக்கா தங்கச்சிங்க கடிச்சப்ப, இப்படிக் கூடவே உக்கார யாரு இருந்தா? நீங்க செகண்ட் ஷிப்ட் போயிட்டீங்க."

சண்முகம் வாளியை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.