ஏழாவது வழி

அவருக்கு வக்கீல் என்று பேர் வந்ததற்கும் நீதிமன்றத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படங்களுக்குச் சட்டம் போடுகிறவர், அவ்வளவுதான். பக்கத்துச் சாவிக்கடைக்காரர் ஒருநாள் "சட்டம் தெரிஞ்ச மனுஷன்" என்று கிண்டலாக ஆரம்பித்து வைத்தது தெரு முழுக்கப் பரவி, கடைசியில் மனைவியும் எரிச்சல் வந்தால் "வக்கீல் ஐயா" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். பத்திரமும் கையுமாக நிஜமாகவே வக்கீலைத் தேடி ஒன்றிரண்டு பேர் கடையேறியதும் உண்டு. அவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நாலு தெரு தள்ளியிருக்கும் அசல் வக்கீலின் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுகிற ஆள் என்று தெருவில் அவருக்கு நல்ல பேர். அந்தப் பேரை அவரே எப்படிக் கெடுத்துக்கொண்டார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கடை நீளவாக்கில் ஒடுங்கியது. முன்னால் மரச்சட்டங்களும் கண்ணாடி வெட்டும் மேசையும், பின்னால் திரை போட்ட ஒரு சின்ன அறை. அந்தத் திரைக்குப் பின்னால்தான் அவருடைய முக்கியமான வேலை நடக்கும். ஈரம் பட்டு கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படங்களை எடுத்துக்கொண்டு ஜனங்கள் வருவார்கள். பிரித்து எடுக்க முடியுமா என்று கேட்பார்கள். "வெச்சுட்டுப் போங்க, பார்க்கலாம்" என்பார். அவர்கள் போனதும் இரண்டு பக்கமும் விளக்கை வைத்து, கண்ணாடியோடு சேர்த்தே அந்தப் படத்தைக் கேமராவில் எடுத்துவிடுவார். அதற்கு அப்புறம்தான் விரலே வைப்பார். பத்துக்கு ஒன்பது படங்களில் விரல் வைப்பதே இல்லை. கேமராவில் எடுத்ததைச் சுத்தம் செய்து, புதிதாக அச்சடித்து, புதுச் சட்டத்தில் போட்டுக் கொடுப்பார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே கைபேசியில் செய்யலாம். அதனால்தான் திரை.

எல்லாருடைய படமும் கைபேசிக்குள்ளேயே குடியிருக்க ஆரம்பித்ததும் கடையில் ஈ ஓட்டும் நிலை வந்தது. அப்போதுதான் மச்சினன் ஒரு யோசனையோடு வந்தான். மனைவியின் தம்பி. ஏதோ கம்பெனியில் மின்னஞ்சல் அனுப்பியே பிழைப்பு நடத்துகிறவன். சின்னதாக ஒரு கையேடு எழுதி இலவசமாகக் கொடுங்கள் மாமா, வேண்டும் என்கிறவர்கள் பேரும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தால்தான் அது கிடைக்கும், அப்படிச் சேருகிற பட்டியலுக்கு வாராவாரம் ஏதாவது எழுதிக்கொண்டே இருந்தால், சட்டம் போட வேண்டிய நாளில் உங்கள் ஞாபகம்தான் வரும் என்றான். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. போகும்போது இரண்டு விதி சொல்லிவிட்டுப் போனான். ஒன்று, வழிகள் ஏழு இருக்க வேண்டும். ஆறு என்றால் ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இன்னொன்றை மட்டும் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான். "முக்கியமான சங்கதியை மட்டும் எழுதிடாதீங்க மாமா. அதையும் குடுத்துட்டா, உங்ககிட்ட எதுக்கு வருவாங்க?"

ஆறு வழிகளை ஒரே மூச்சில் எழுதிவிட்டார். வெயில் விழும் சுவரில் மாட்டாதே, குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டாதே, பிசின் நாடா ஒட்டாதே, ஈரத்துணியால் துடைக்காதே என்று எல்லாம் தன் கையால் பார்த்துத் தெரிந்துகொண்டவை. ஏழாவதற்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஏழாவது அவரிடம் இருந்தது, திரைக்குப் பின்னால். அதை எழுத மனசு வரவில்லை. யாரோ எப்போதோ சொன்ன ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. "கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் அப்படியே ஊறவிடுங்கள். தானாகக் கழன்றுவிடும்." எழுதிவிட்டார். சில பழைய படங்களுக்கு அது பலிக்கும் என்றும் கேள்விப்பட்டிருந்தார். எதற்குப் பலிக்கும், எதைக் கெடுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று அவர் எழுதவும் இல்லை.

தட்டச்சு செய்த மனைவி அந்த இடத்தில் நிறுத்தி, இதை நீங்கள் செய்து நான் பார்த்ததே இல்லையே என்று கேட்டாள். எல்லாருக்கும் தெரிந்ததுதான், நீ தட்டச்சு செய் என்றார்.

பட்டியல் வளர்ந்தது. நாற்பது பேர், நூறு பேர், நாலே மாதத்தில் முந்நூற்று எண்பது. காலையில் கடைக் கதவைத் தூக்குவதற்கு முன்னாலேயே இன்று எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மச்சினன் ஏற்பாடு செய்து வைத்தபடி, சேருகிற ஒவ்வொருவருக்கும் உடனே கையேடு போகும், மூன்று வாரம் கழித்து "உங்கள் படத்தைக் காப்பாற்றிவிட்டீர்களா? எங்களுக்கு எழுதுங்கள்" என்று ஒரு கடிதம் தானாகப் போகும். சாவிக்கடைக்காரர் இப்போது எழுத்தாளரே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். வக்கீலுக்கு அது வேண்டாத பேராகத் தோன்றவில்லை.

ஒரு முற்பகலில் அந்தப் பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை, உடுப்பை மாற்றாமல் நேராக வந்திருந்தாள். துண்டில் சுற்றியிருந்ததை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். சட்டம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த காகிதத்தில் ஒரு சட்டைக் காலர் மட்டும் தெரிந்தது. அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் மை கரைந்து ஓடி, தேநீர் சிந்தின மாதிரி இருந்தது.

தம்பியின் படமாம். பத்தொன்பது வயதில் போய்விட்டான். அடையாள அட்டையிலிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி, மை அச்சுப்பொறியில் எடுத்தது. அட்டை தொலைந்துவிட்டது, எடுத்துக் கொடுத்த கடையும் இப்போது இல்லை. வீட்டில் இருந்தது இது ஒன்றுதான். அம்மா காலையில் எழுந்ததும் முழிப்பது இதில்தான். ஒட்டிப்போய் ஓரம் பூத்துக்கொண்டு வருகிறதே, சரிசெய்து அம்மா முன்னால் வைக்கலாம் என்று ஆசைப்பட்டிருக்கிறாள்.

"நீங்க எழுதினபடியேதான் செஞ்சேன். தண்ணி கொஞ்சம் சூடாப் போயிடுச்சோ என்னவோ. அம்மா என்கூடப் பேசி இன்னையோட பதினெட்டு நாளாச்சு" என்றாள்.

அவள் கோபமாக வந்திருந்தால் அவர் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பார். அவள் வந்ததோ மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு. நல்ல கையேட்டைத் தான் சரியாகப் படிக்காமல் போய்விட்டோம் என்ற முகம். அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றுமில்லை. வாய் தானாகவே சொன்னது.

"சூடு... கொஞ்சம் ஜாஸ்தியா இருந்திருக்கும்மா."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். தான் நினைத்தது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. புதுக் கண்ணாடி போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம் என்று அவர் அவசரமாகச் சொல்ல, அவள் விலாசத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றியில் மனுஷர் கூனிக் குறுகிப் போனார். திரைக்குப் பின்னால் போய் முக்காலியில் உட்கார்ந்தார். எதிரில் கேமராவும் இரண்டு விளக்குகளும் இருந்தன. அவள் இந்தச் சட்டத்தை ஒரு மாதத்துக்கு முன்னால் இங்கே கொண்டு வந்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. கையேட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் அவள் இங்கே வரவே வேண்டியிருக்காது. அவர் முகத்தில் அவரே முழிக்க முடியாத நாளாக அது ஆனது. மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று அங்கேயும் ஒரு பொய்.

மூன்றாம் நாள் காலை வழக்கம்போலக் கணினியைத் திறந்தார். முந்தின நாள் அந்தப் பெண்ணுக்கு, "உங்கள் படத்தைக் காப்பாற்றிவிட்டீர்களா?" கடிதம் தானாகப் போயிருந்தது. பக்கத்தில் சிரிக்கும் பொம்மை வேறு. அவள் அதைத் திறந்திருந்தாள். திறந்த ஒரு நிமிஷத்தில் பட்டியலிலிருந்து விலகியிருந்தாள். காரணம் கேட்கும் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அவர் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவள் எதிரில் உட்கார்ந்து, சொல்லுங்கள், அடிக்கிறேன் என்றாள். ஏழாவது வழியை நான் செய்து பார்த்ததே இல்லை, யாரும் செய்ய வேண்டாம், எனக்குத் தெரிந்த வழி வேறு, அதை வேண்டுமென்றே மறைத்தேன் என்று ஆரம்பித்து, கண்ணாடியோடு சேர்த்துப் படம் எடுப்பதை விளக்கின் கோணம் உட்பட எழுதவைத்தார். ஒரு வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதையும் எழுதவைத்தார். அனுப்பியதும் கீழே ஒரு வரி வந்தது. விலகிய ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் போய்விட்டதாம்.

"போகவேண்டிய ஆளுக்கு மட்டும் போகல" என்றாள் மனைவி. "சட்டத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவள் அவரைக் கண்டதும் சட்டத்துக்குக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் அப்படியே இறங்கிப் போய்விடுவோம் என்று அவருக்கே பயம். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்றும் வரவில்லை.

"தண்ணி சூடு இல்லம்மா காரணம். பச்சைத் தண்ணில போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும். நான் செஞ்சு பார்க்காததை எழுதிட்டேன். கடையில கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன்."

எத்தனை பேர் இதைப் படித்தார்கள் என்று அவள் கேட்கவில்லை, ஏன் எழுதினீர்கள் என்றும் கேட்கவில்லை.

"அப்போ நான் கெடுக்கலையா?"

"இல்லம்மா."

"உள்ள வாங்க. இதை அம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள். பிறகு, "சத்தமாச் சொல்லணும். அவங்களுக்குக் காது மந்தம்."

ஜன்னலோரம் நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அவர் முதலில் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் தடவையும் கேட்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் தடவை, ஆயுசில் யாரிடமும் கத்தாத மனுஷர், உங்க பொண்ணு மேல தப்பு இல்ல, தப்பு என்னோடது, தெரியாம எழுதினேன், தெரிஞ்சே பொய் சொன்னேன் என்று தொண்டை கிழியக் கத்தினார்.

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"நீ ஏன்டி இதை என்கிட்ட சொல்லல?"

"நான்தான்னு நினைச்சேன்மா."

அம்மா மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று கேட்கவும் வாய் வராமல், வக்கீல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.