மேகம் ஏறினால் நிற்கிற வெப்சைட்

பிள்ளைகளா, போன சீசனில் ரெண்டு நாள் நான் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தது வயிற்றுவலியால் இல்லை. பயத்தால். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் பட்டாசுக் கம்பெனியின் ஸ்டாக் கணக்கு முழுக்கப் பின்னால் இருக்கிற குடோன் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். வெளியூர் ஏஜெண்டுகள் வெப்சைட்டில் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் சொல்வார்கள். திடீரென்று ஒரு நாள் 'இணைப்பு இல்லை' என்று காட்டும். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகும். தினமும் வராது. வந்தால் மத்தியானத்துக்கு மேல்தான்.

சாத்தூரில் இருந்து வந்த கம்ப்யூட்டர்க்காரர் கேபிளை மாற்றினார், பாஸ்வேர்டை மாற்றினார். அடங்கவில்லை.

"அண்ணாச்சி, நான் வந்தா ஒழுங்கா ஓடுது. மாமியாளைக் கண்ட மருமக மாதிரி நடிக்குது. எப்பப்ப படுக்குதுன்னு நேரம் குறிச்சு வைங்க" என்றார்.

குறித்தேன். ஐந்தாவது தடவை எழுதும்போது கை நின்றுவிட்டது.

மின்னல் விழுந்தால் வெடிமருந்து பற்றிக்கொள்ளும் என்பதால், மேகம் ஏறினால் பேக்கிங் ஷெட்டின் மெயின் சுவிட்சை இறக்கி, உள்ளே இருக்கிறவர்களை வெளியே அனுப்புவது என் பொறுப்பு. நான் குறித்த அஞ்சு நாளும் சுவிட்சை இறக்கின நாள். ஆனால் இறக்கி அரை மணி கழித்துத்தான் வெப்சைட் நின்றிருந்தது. அதனால்தான் எனக்குத் தோன்றவே இல்லை. ஷெட் சுவரில் குடோன் கேபிளையும் ஆபீஸ் கேபிளையும் சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. போய்ப் பார்த்தேன். அது ஷெட் கரண்டில் ஓடியது. கரண்ட் போனால் ஒரு பேட்டரி அரை மணி தாங்கும். மேகம் சீக்கிரம் கலைந்த நாளில் பேட்டரியே சமாளித்துவிடும்.

நான் இறக்கின சுவிட்சுதான் வெப்சைட்டை நிறுத்தியிருக்கிறது. சொன்னால் வேலை போகலாம். அதைவிட, முதலாளி சுவிட்சைத் தொடாதே என்று சொல்லிவிட்டால்? உங்கள் அம்மாவுக்கும் அந்த ஷெட்டில்தானே வேலை.

மூணாம் நாள் சொன்னேன். கம்ப்யூட்டர்க்காரர் தலையில் கைவைத்துச் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

"பெட்டியை ஆபீஸ் லைனுக்கு மாத்த நாளைக்குத்தான் ஆள் வரும். இன்னைக்குப் பெரிய ஆர்டர் வருது. மேகம் கீகம்னு சுவிட்சுல கை வச்சீகன்னா, நாளைக்கு வர வேண்டாம்."

"சரிங்க முதலாளி" என்றேன்.

மூணு மணிக்குத் திருத்தங்கல் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோனது. சுவிட்ச் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு இடி தூரத்தில் கேட்டது. கை எழவில்லை. ரெண்டாவது இடியும் கேட்டது. அம்புட்டு நேரம் சும்மா நின்றேனே என்று இப்போதும் என்னையே திட்டிக்கொள்வேன்.

இறக்கினேன். "எல்லாரும் வெளிய வாங்க, ஓடுங்க!"

"ஒரு தூறலுக்கே வெரட்டுறீகளே, கூலி நீக தருவீகளா?" என்று முனகிக்கொண்டே ஓடினாள் ஒரு அக்கா. அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் வானம் வெள்ளையாக வெட்டியது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓட்டம் பிடித்தாள்.

மழை ஒரு மணி நேரம் பெய்தது. வெப்சைட் நின்றது. முதலாளி ஆபீஸ் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அன்று சாயங்காலம் அது எனக்குத் தெரியாது.

மழை விட்டதும் கம்பெனி பஸ் எல்லோரையும் கேட்டிலேயே ஏற்றிக்கொண்டு போனது. நான் மட்டும் ஷெட்டுக்குப் போனேன். ஓடின அவசரத்தில் பாதிப் பேர் மருந்து உராயக் கூடாதென்று வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு போயிருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரைக் கொட்டி, ஜோடி சேர்த்து, சுவரோரமாக வரிசையாக வைத்தேன்.