பொலித்தீனுக்குள் வைத்த செடி

எங்கள் வீட்டுச் சுவரோரம் தொட்டி தொட்டியாக இருப்பவை சதைப்பற்றுள்ள செடிகள். எல்லாம் என் மனைவி சேர்த்தது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து மழையும் பனியும் அவற்றுக்கு ஆகாது. தகரக் கூரைக்கு அடியில் வைத்து, மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஒருநாள் அவள் சின்னத் தூரிகையால் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து, வேறு ரகச் செடியின் பூவில் தடவிக்கொண்டிருந்தாள்.

“ஒனக்கு எதுக்குப் புள்ள இந்தக் கல்யாணத் தரகு?” என்றேன்.

“பொறக்குறது யாரு சாடைன்னு பாக்கணும்ல,” என்றாள்.

பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த விதைகளில் முளைத்ததில் ஒன்றே ஒன்று தப்பியது. அது நகம் அளவு இருந்தபோதே அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அந்தச் செடியோடுதான் குடித்தனம். சாம்பல் பச்சை இலை, விளிம்பில் ரோஜா நிறம். எந்தக் கடையிலும் கிடைக்காது. போனால் போனதுதான்.

கண் ஆபரேஷனுக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரம்மா தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கன்று வளர்க்கிறவர். அவரிடம் அந்தத் தொட்டியைக் காட்டி, “இத மட்டும் கண்ணு மாதிரி பாத்துக்குங்கம்மா,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். கண் வீங்கிக்கொண்டதால் திரும்பி வர நாளாகிவிட்டது.

வந்து பார்த்தால், தொட்டியைப் பொலித்தீனால் மூடி இறுக்கிக் கட்டியிருந்தார். உள்ளே வேர்த்து வடிந்தது. வெட்டி நட்ட தேயிலைக் குச்சி வேர் பிடிக்க நர்சரியில் அப்படித்தான் மூடுவார்கள்.

“வாட விடலண்ணே. காலைல பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறப்பவும் ஊத்துனேன், வேல விட்டு வந்தும் ஊத்துனேன்,” என்றார் அந்த அம்மா, பெருமையாக.

“இது தேயில இல்லம்மா,” என்று கத்திவிட்டேன். அவர் முகம் செத்துப்போனது. உள்ளே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

கத்தியைத் துடைத்துத் தண்டை வெட்டினேன். உள்ளே கறுப்பு. அழுகாத தண்டு கொஞ்சம் கிடைத்தாலும் போதும், காயவைத்து நட்டால் பிழைத்துவிடும். இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினேன். அங்கேயும் கறுப்பு. இலைகள் கூழாகக் கையோடு வந்தன. கடைசியில் வெட்டத் தண்டே இல்லை.

அவள் செத்தபோது எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு செடிக்கு யார் வருவார்கள்? “ஒஞ் செடியும் போயிருச்சு புள்ள,” என்று அவள் புழங்கிய அடுப்படிப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு அழுதேன்.